அம்மா பேசிய அரை மணி நேரம்

மலையிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டியில் ஏலக்காய் வாசனை அடிக்கும். பிளாஸ்டிக்கில் வாசனை ஒட்டாது என்பார்கள். ஆனால் காதில் மாட்டுகிற வயரின் முனையில் இருந்த கறுப்புப் பஞ்சில் அது நன்றாக ஊறிப்போயிருக்கும், பச்சைக் காயின் வாசனையும், காயை உலர்த்துகிற ஸ்டோரின் விறகுப் புகையும், இரண்டுக்கும் அடியில் அம்மாவின் தலை எண்ணெயும். கையில் கிடைத்ததும் நான் அதைக் காதில் மாட்டிவிட மாட்டேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, போட்ட தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, முதலில் மூக்குக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோவேன்.

நாங்கள் இருந்தது கம்பத்தில், சுருளிப்பட்டி ரோட்டில் ஓர் ஓட்டு வீட்டில். அப்பா திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர், விடிவதற்கு முன்னால் போனால் பொழுது சாயத்தான் வருவார், வந்தாலும் பேச்சு அதிகம் இல்லாத மனிதர். அம்மா மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலத் தோட்டத்தில் காய் எடுத்தாள். காலையில் ஜீப்பில் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பி வருகிற பெண்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர் உண்டு. அம்மா போன தோட்டம் ரொம்ப உள்ளே இருந்ததால் அங்கேயே ‘லய’த்தில், வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் தங்கிவிடுவாள். மாதக் கடைசிச் சனிக்கிழமை இறங்கி வருவாள், திங்கட்கிழமை ஏறிப் போய்விடுவாள். அந்த லயத்தில் அப்போது போனுக்கு டவர் கிடையாது. கடிதம் எழுதலாம் என்றால் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, இன்னொருத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் வீட்டு விசயம் லயம் பூராவும் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் இந்தப் பெட்டி வந்தது. தோட்டத்து முதலாளியின் மகன் புதிதாக வேறு ஒன்று வாங்கியதும் பழசை அட்டைப்பெட்டியோடு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். பாட்டுக் கேட்கிற எம்.பி.3 பிளேயர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு பென்சில் பேட்டரி போட்டால் நீல விளக்கு எரியும். அட்டைப்பெட்டிக்குள் காதில் மாட்டுகிற வயர் போக இன்னொரு வயரும், உள்ளங்கை அளவில் ஒரு குட்டி சி.டி.யும் இருந்தன. அதில் பாட்டுக் கேட்கிறதோடு பேசிப் பதியவும் முடியும் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் ஜீப் ஓட்டுகிற கருப்பையா மாமா. அம்மாவுக்குப் பாடம் எடுத்ததும் அவர்தான்: “மேல இருக்கிற பட்டன் பேசுறதுக்கு, கீழ இருக்கிறது கேக்குறதுக்கு. நடுவுல இருக்கிறதத் தொட்டீக, நான் பொறுப்பில்ல.”

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ அந்தப் பெட்டி ஜீப்பில் ஏறி இறங்கியது. அம்மா அதை ‘டப்பா’ என்பாள். கருப்பையா மாமா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிப்பார். ஊரில் ஆளுக்கு ஆள் போனில் பேசுகிறார்கள், ஆத்தாளும் மகளும் மட்டும் என்னைப் புறாவாக்கிவிட்டீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் அதே கேலியைச் சொல்லுவார்.

அம்மா அதில் பேசுகிற விதம் ஒன்று உண்டு. “தாயி, நான் அம்மா பேசுறேன்” என்று தொடங்குவாள், வேறு யாரோ பேசுவதாக நான் நினைத்துவிடப் போகிறேன் என்பதைப் போல. பிறகு “சாப்டியா?” என்று கேட்டுவிட்டு நிறுத்துவாள். நான் பதில் சொல்வதற்காக நிறுத்துவாள். அந்த இடைவெளியில் தூரத்தில் ஒரு நாய் குரைக்கும், யாரோ குடத்தை வைப்பார்கள். நானும் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த இடைவெளிக்குள் “சாப்டேம்மா” என்று சொல்லிவிடுவேன். “அப்பாவுக்கு இருமல் எப்பிடி இருக்கு?” இடைவெளி. “பரவால்லம்மா.” கேட்டு முடித்ததும் நான்தான் அழிப்பேன், அழிக்கிற வித்தை அம்மாவுக்குத் தெரியாது, மூன்று பட்டனை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். அழித்தால்தான் அடுத்த பேச்சுக்கு இடம் இருக்கும் என்கிற அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

அப்போது நான் ஒன்பதாவது. வகுப்பில் ஒவ்வொருத்தராக எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். என் முறை வருவதற்கு நாலு பேர் முன்னாலேயே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். எந்த வரி எனக்கு வரும் என்று விரலை வைத்து எண்ணிக்கொண்டே இருப்பேன், எழுந்து நின்றதும் எண்ணி வைத்த வரி கண்ணிலிருந்து மறைந்துபோகும், முதல் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். டீச்சர் நல்லவர், திட்டவில்லை. பிள்ளைகளும் மோசமில்லை, ஒரு தடவைதான் சிரித்தார்கள். எனக்கு அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது. மறுநாள் வயிற்று வலி என்று நினைத்துக்கொண்டு படுத்தேன், நிஜமாகவே வலித்தது. அதற்கு மறுநாளும் வலித்தது. அதற்கப்புறம் வலிக்காமலே படுத்துக்கொண்டேன்.

பதினோரு நாள் போகவில்லை. அப்பா கிளம்பிப் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தேன். யாராவது வந்து தட்டினால் மூச்சை அடக்கிக்கொள்வேன். அடுப்புப் பற்றவைத்தால் புகையைப் பார்த்து ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று காலையில் வடித்த சோற்றையே மத்தியானமும் தின்றேன். தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும்போது ஓர் ஆறுதல். அவர்கள் கடந்து போனதும் வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது போல இருக்கும். அவ்வளவு சின்ன வீடு, இரண்டு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் டப்பாவை எடுத்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் போகவில்லை, போகப் பயமாக இருக்கிறது, அப்பாவுக்குத் தெரியாது, நீ வந்து அடித்தாலும் சரிதான், ஆனால் என்ன செய்யட்டும் என்று நீ சொல்லு. நாலு தடவை பேசி நாலு தடவை அழித்து, ஐந்தாவது தடவை பேசி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. பெட்டியை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கருப்பையா மாமாவிடம் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் அவர் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது வழக்கமான கேலி இல்லை. அம்மா லயத்துக்கு முன்னால் இருக்கிற கல்லில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினாளாம், இவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லையாம். “ஒங்கம்மா அம்புட்டு நேரம் பேசி நான் பாத்ததில்லத்தா. நல்லாக் கேட்டுக்க” என்றார்.

கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, வயரைக் காதில் மாட்டிக் கீழ்ப் பட்டனை அழுத்தினேன். நீல விளக்கு எரிந்தது. இங்கிலீசில் ஒரு வரி கண்ணை இமைப்பதற்குள் வந்து போனது. விளக்கு அணைந்துவிட்டது. திரும்ப அழுத்தினேன், திரும்பவும் அதே. புது பேட்டரி போட்டேன். வெயிலில் வைத்தேன். அரிசிப் பானைக்குள் வைத்தேன், மலையில் பனிக்கு நனைந்திருக்கும் என்று. எதுவும் நடக்கவில்லை. அம்மாவின் அரை மணி நேரம் அதற்குள் இருந்தது, எனக்கு என்ன செய்ய வேண்டும் என்கிற பதில் அதற்குள் இருந்தது, என்னால் எடுக்க முடியவில்லை.

பஜாரில் ஜெபமணி அக்கா ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அவளுடைய அப்பா காலத்தில் அது கண்ணாடிச் சாமான் கடை. மூலையில் இன்னும் விற்காத கண்ணாடித் தம்ளர்கள் அடுக்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து கம்ப்யூட்டர் அவளிடம்தான் இருந்தது. பள்ளிக்கூட நேரத்தில் கடைத்தெருவில் நடக்கிறேனே, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று பதில் தயார் செய்துகொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அட்டைப்பெட்டியில் இருந்த அந்த இன்னொரு வயரை வாங்கிக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து செருகினாள்.

அந்தக் கம்ப்யூட்டர் மஞ்சள் பூத்துப்போன பழசு. ‘டிங்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது, புதுசாக ஏதோ வந்திருக்கிறது என்று எழுத்துக் காட்டியது, அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று அடுத்த எழுத்தைக் காட்டியது. அக்கா சிரித்தாள். “இப்ப வர்ற கம்ப்யூட்டர்னா செருகுன ஒடனே தெரிஞ்சுக்கிரும். இது அந்தக் காலத்து மாமியா மாதிரி. நீ யாரு, எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ளன்னு சொன்னாத்தான் படியேற விடும்.” அப்படிச் சொல்வதற்கு என்று ஒரு சி.டி. உண்டு, அதை ‘டிரைவர்’ என்பார்கள், பெட்டியோடு வந்திருக்கும், அதைக் கொண்டா என்றாள்.

குட்டி சி.டி. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது திராட்சைத் தோட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

திராட்சை கறுக்கத் தொடங்கியதும் கிளியும் கொண்டைக்குருவியும் பந்தலில் இறங்கிவிடும். அவற்றை விரட்டுவதற்காக அப்பா பஜாரில் கடை கடையாகப் போய்க் கீறல் விழுந்த பட சி.டி.களையெல்லாம் வாங்கி வந்து, நடு ஓட்டையில் நைலான் கயிற்றைக் கட்டிப் பந்தலுக்கு மேலே தொங்கவிடுவார். காற்றில் அவை சுற்றும்போது வெயில் பட்டு மின்னும், குருவிகள் மிரளும். அந்த வருசம் கட்டுகிறபோது குட்டித் தட்டைக் காட்டி, “இது வேணுமா?” என்று என்னைக் கேட்டார். பக்கத்து வீட்டு சி.டி. பிளேயரில் நான் அதைப் போட்டுப் பார்த்திருந்தேன், பாட்டும் வரவில்லை படமும் வரவில்லை. பழைய பேனா மூடியைக்கூடத் தூக்கிப் போடாத நான், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று பொழுது சாய அப்பா வந்ததும் அந்தத் தட்டு வேண்டும் என்றேன். எதற்கு என்றார். அம்மா பேசியது கேட்கவில்லை, அது இருந்தால் கேட்கும் என்றேன். துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, காலையில் வா என்றார். பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று கேட்கவில்லை.

மூன்று ஏக்கர் பந்தல். எத்தனை தட்டு என்று அவருக்கே நினைவில்லை. நான் கீழே குனிந்து நடந்து கொத்துகளுக்கு நடுவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன், அப்பா ஏணி வைத்து மேலே தலையை நீட்டிப் பார்த்தார். காற்று அடித்தால் எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் மின்னும், கண் கூசி எதுவுமே தெரியாது. காற்று நின்றால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கழுத்து வலிக்க வலிக்க நடந்தேன். கிணற்றடிப் பக்கம் போனபோது அவர் ஏணியில் நின்றபடியே, என்னைப் பார்க்காமல், “நீ பள்ளிக்கூடம் போகலேன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

நான் பக்கத்துப் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டேன்.

“மத்தியானச் சோறு கொறஞ்சுச்சே. நாயா வந்து தின்னுட்டுச் சோத்துத் தட்டக் கழுவி வச்சுட்டுப் போகும்?”

அவ்வளவுதான் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடுத்த பந்தற்காலுக்கு ஏணியை மாற்றிப் போட்டார். பதினைந்து நாளாகத் தெரிந்தும் அவர் பேசாமல் இருந்தார், தெரியாது என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன், இரண்டு பேரும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றோம். சிறிது நேரம் கழித்து, “எனக்குச் சொல்லத் தெரியாது. அதான் ஒங்கம்மா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்தப் பதிலுக்கு நான் ஒருத்தி மட்டும் காத்திருக்கவில்லை.

வெயில் ஏறுகிற நேரத்தில் அவர்தான் கண்டுபிடித்தார். கயிற்றை அறுத்துக் கீழே நீட்டினார். மருந்துக்கு அடிக்கிற துருசும் சுண்ணாம்பும் பட்டு, தட்டு முழுக்க நீலப் புள்ளி. கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டி நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, என்ன சொன்னாள் என்று வந்து சொல்லு என்றார்.

ஜெபமணி அக்கா அந்தத் தட்டைப் பார்த்து, இதற்கு உரம் வேறு வைத்தீர்களா என்று கேட்டாள். முதல் தடவை போட்டபோது கம்ப்யூட்டர் வண்டு மாதிரி இரைந்துவிட்டுத் துப்பிவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. அக்கா ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து நடுவிலிருந்து ஓரமாகத் துடைத்துப் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன், அக்காவின் கடை என்பதால் சுவரில் எழுதியிருந்த வேத வசனத்தையும் பார்த்து வேண்டிக்கொண்டேன். ரொம்ப நேரம் இரைந்துகொண்டே இருந்தது. பிறகு அந்த ‘டிங்’.

“தெரிஞ்சுக்கிருச்சு புள்ள” என்றாள் அக்கா.

திரையில் ஒரு மஞ்சள் அட்டை வந்தது. அதைத் திறந்தாள். உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது. அக்கா புருவத்தைச் சுருக்கினாள். இது எட்டு மணி நேரம் ஓடும் போலிருக்கிறதே, உங்கம்மா எட்டு மணி நேரமா பேசினாக என்று கேட்டுக்கொண்டே தட்டினாள்.

ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. அம்மா, நான்தான், பள்ளிக்கூடம் போகலம்மா. அழுகிற சத்தம். டொக் என்று அலமாரியில் வைக்கிற சத்தம். அதற்கப்புறம் நிற்கவில்லை. நான் நிறுத்துகிற பட்டனை அழுத்தவே இல்லை.

அக்கா அங்கங்கே நகர்த்தி நகர்த்திப் போட்டாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிற சத்தம். இன்னோர் இடத்தில் மறுபடி தாழ்ப்பாள். பக்கத்து வீட்டு டிவி. காக்கா. நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை, ஒன்றுமில்லாத அந்த இரைச்சல் மட்டும். பிறகு நான் பாடப் புத்தகத்தை வாசிக்கிறேன், ஒரு சொல் சிக்காமல், நிறுத்தி நிதானமாக, டீச்சர் மாதிரி. பிறகு நான் அம்மாவின் குரலில் “சாப்டியா?” என்று கேட்டு, இடைவெளி விட்டு, என் குரலிலேயே “சாப்டேம்மா” என்று சொல்கிறேன். அக்கா சட்டென்று நிறுத்திவிட்டு, மூலையில் இருந்த தம்ளர்களைப் போய்த் துடைக்கத் தொடங்கினாள்.

டப்பா நிறைந்து போயிருந்தது. நிறைந்த பிறகும் பேசுகிற பட்டனை அழுத்தினால் இப்படித்தான் எழுத்தைக் காட்டிவிட்டு மயங்கிவிடும், அதற்கப்புறம் கேட்கவும் விடாது என்றாள் அக்கா. அந்த எழுத்து மலையில் அம்மாவுக்கும் வந்திருக்கும். அவளுக்கு அது எழுத்தில்லை, வெளிச்சம். நீல விளக்கு எரிந்ததும் பேசியிருக்கிறாள். நான் விட்டுவைத்த வீட்டு அமைதி அவளுடைய பேச்சுக்கு இடம் இல்லாமல் அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

இதை அழித்துத் தருகிறேன், புதுசு போல ஆகிவிடும், திரும்பக் கொடுத்தனுப்பி இன்னொரு தடவை பேசச் சொல்லு என்றாள் அக்கா. சுலபமான வழி. நான் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். அம்மாவின் பேச்சு உள்ளே எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும், அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்று பயம். “இல்லாதது எப்பிடிப் புள்ள போகும்?” என்று அக்கா கேட்டாள். எனக்குக் காதில் ஏறவில்லை. அட்டைப்பெட்டியில் போட்டு, பெட்டியைத் துணியில் சுற்றி, பரணில் வைத்தேன். அதற்கப்புறம் கருப்பையா மாமா தெருமுனையில் ஹாரன் அடித்துக் கேட்கும்போதெல்லாம், ரிப்பேர் என்று சொல்லிக் கையை விரித்தேன். யாரிடமும் அதைச் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். உடைத்துவிட்டேன் என்று அம்மா நினைத்துவிடக் கூடாது அல்லவா. அப்பாவிடம், அம்மா நல்லா இருக்கச் சொன்னாள், உங்கள் இருமலுக்கு மருந்து வாங்கச் சொன்னாள் என்றேன். அவர் தலையாட்டினார். இன்னும் ஏதோ எதிர்பார்த்தவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார்.

மாதக் கடைசியில் அம்மா வந்தாள். பையை இறக்கி வைத்து, முகம் கழுவி, என் தலையைப் பிடித்து உட்காரவைத்துச் சீப்பை எடுத்தாள். எனக்குப் பின்னால் இருந்துகொண்டுதான் கேட்டாள்.

“டப்பாவுல சொன்னதக் கேட்டியா?”

இல்லை என்று சொல்ல ஒரு விநாடிதான் வேண்டும். சொன்னால் அவள் மறுபடி சொல்லுவாள், என் முகத்துக்கு நேரே, நான் பதில் சொல்ல வேண்டும், வகுப்பில் எழுந்து நிற்பது போல அந்த முதல் சொல் தொண்டையில் நிற்கும்.

“கேட்டேம்மா” என்றேன்.

சீப்பு நின்றது. “எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அப்பச் சரி” என்றாள். சடையைப் பின்னி முடித்துவிட்டு எழுந்து போனாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி அன்றைக்கும் மறுநாளும் ஒரு சொல் பேசவில்லை. திங்கட்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே ரோட்டில் போய் ஜீப்புக்கு நின்றாள். நான் எதற்கோ சம்மதம் சொல்லியிருக்கிறேன், எதற்கென்றுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போ என்று சொல்லியிருப்பாளோ, போகாததால் கோபமோ, போக வேண்டாம் என்று சொல்லியிருப்பாளோ என்று மாற்றி மாற்றி நினைத்தே அந்த வருசம் போனது. நான் திரும்பிப் போகவில்லை. அம்மா இன்னும் ஆறு வருசம் மலையிலேயே இருந்தாள், வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகுதான் இறங்கினாள். வந்த பிறகும் எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்துகொண்டே இருந்தது, சம்பந்தி வீட்டாரிடம் இருப்பது போல. அவள் என்னை எதுவும் வற்புறுத்திக் கேட்பதில்லை. நானும் எதுவும் கேட்பதில்லை.

இப்போது நான் தேனியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அப்பா இல்லை. அவர் மருந்தடித்த தோட்டத்தில் பாதி பிளாட் போட்டாகிவிட்டது, மீதிப் பந்தலுக்கு மேலே வலை விரித்திருக்கிறார்கள், குருவி நுழைவதில்லை. ஜெபமணி அக்காவின் கடை இருந்த இடத்தில் செருப்புக் கடை. பரணில் வைத்த பெட்டி வீடு மாறும்போது எங்கேயோ போயிற்று. பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்ததைக் கடைசியாகப் பார்த்த ஞாபகம். அந்த லயத்தில் இப்போது டவர் நன்றாகக் கிடைக்கிறதாம்; கூட வேலை பார்த்த பெண்களுக்கு அம்மா நாளெல்லாம் போனில் குரல் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு “நான்தான் பேசுறேன்” என்று இன்றைக்கும் அப்படியேதான் தொடங்குகிறாள்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில், போன் பேச்சை எடுக்க மாட்டேன் என்கிறது, பார் என்று என்னிடம் நீட்டினாள். நிறைந்துவிட்டது, கொஞ்சம் அழிக்கணும் என்றேன். அழிக்காமல் பேசினால் என்ன ஆகும் என்று கேட்டாள். போனைப் பார்த்துக்கொண்டே, யோசிக்காமல், பேசலாம், ஆனால் பதியாது, அன்றைக்கு டப்பாவில் ஆனது போல என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். அதற்கப்புறம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், தட்டை, பந்தலை, எட்டு மணி நேரத்தை. சொல்லி முடித்ததும், அன்றைக்கு நீ என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன். இத்தனை வருசத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

அம்மா சேலை மடிப்பை நீவிவிட்டாள்.

“நீ பேசுனது, பேசாம இருந்தது, எல்லாத்தையும் ரெண்டு நாளாக் காய் எடுத்துக்கிட்டே கேட்டேன்த்தா. கடைசி வரைக்கும் கேட்டேன். பள்ளிக்கூடம் கெடக்குது, அதைப் பொறவு பாத்துக்கிரலாம்னு சொன்னேன். ஒனக்கு நான் கூட இருக்கணும்னா டப்பாவத் திருப்பி ஜீப்புல குடுத்து விடு, ஒண்ணும் பேசக்கூட வேணாம், டப்பா வந்தாப் போதும், அதே ஜீப்புல துணிமணியோட எறங்கி வந்துர்றேன்னு சொன்னேன். வரலைன்னா நீ சமாளிச்சுக்கிருவன்னு நெனச்சுக்கிறேன்னு சொன்னேன்.”

அந்த மாதம் முடிகிற வரைக்கும் ஜீப் வருகிற நேரத்துக்கு ரோட்டுக்கு வந்து நின்றாளாம். கருப்பையா இல்லை என்று ஒரு கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாராம். அப்புறம் நேரில் வந்து கேட்டபோது எல்லாத்தையும் கேட்டேன் என்று நான் சொன்னதும், சரி, இவளுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் குறை எதுவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

நான் அழுதேனா என்று தெரியவில்லை. அவள்தான் கேட்டாள், “கேட்டேன்னு ஏன்த்தா சொன்ன?”

“பயமா இருந்துச்சும்மா.”

“என்னைய நெனச்சா?”

அவள் கேட்டுவிட்டு நிறுத்தினாள். நான் பதில் சொல்வதற்காக நிறுத்தினாள். வெளியே ஆட்டோ ஒன்று போனது. ஆமாம் என்பதும் உண்மையில்லை, இல்லை என்பதும் உண்மையில்லை, நடுவில் ஒரு சொல் இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தேன். அம்மா கையை ஊன்றி எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உலை வைக்கப் போனாள்.